ரீடர் பழுதா, இணைப்புப் பழுதா? ராஸ்பெரி பையில் ஆர்எஃப்ஐடி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே கரைச்சலில் இருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை உவர்மலையில் ஒரு ரியூட்டரி. பிள்ளைகள் வாசலில் அட்டையைக் காட்டினால் வரவு பதியவேண்டும். கையில் இருப்பது ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி (இனிமேல் வெறும் ‘பை’), கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்த நீல நிற ஆர்சி522 என்ற ஆர்எஃப்ஐடி ரீடர் (அட்டையின் எண்ணை வானொலி அலையால் வாசிக்கும் கருவி), அதோடு வந்த வெள்ளை அட்டை, ஒரு சாவிக்கொத்து டேக். ஒரு நாள் வாசித்தது, அடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை. வாசிக்கிற நாளிலும் அட்டையை அப்படியே வைத்திருந்தால் ஒருமுறை எண் வருகிறது, அடுத்தமுறை வெறுமை, பிறகு மறுபடி எண். ரீடர் பழுதா, வேறு வாங்குவதா என்று கேட்கிறீர்கள். மீன்வாடி வைத்திருக்கும் மாமா தன் ஐஸ் பெட்டிகளுக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டாராம்.

ரீடர் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ரியூட்டரி வாசலுக்கு அது பொருத்தமான ரீடரும் இல்லை. இரண்டும் வேறு வேறு கதை. முதலில் கையில் இருப்பதை வேலை செய்ய வைப்போம். அதில் படிக்க நிறைய இருக்கிறது. வாசலில் எதை வைப்பது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு நாள் வாசித்து மறுநாள் வாசிக்கவில்லை என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது ஈயம்தான், அதாவது ஊசிகளைச் சோல்டர் செய்யாமல் விட்டது. பை சீரோ 2 டபிள்யூ பெரும்பாலும் ஊசிகள் பொருத்தாமல், வெறும் துளைகளோடுதான் வரும். ஆர்சி522-உம் அப்படியே, ஊசி வரிசையைத் தனியாக ஒரு சிறு உறையில் போட்டுத் தருவார்கள். பலர் அந்த ஊசியைத் துளையில் செருகி, வயரை மாட்டி, சற்றே சாய்த்து வைத்து ஓட்டப் பார்க்கிறார்கள். சாய்வு சரியாக அமைந்த நாளில் வாசிக்கும். மேசையில் கை பட்டால் போய்விடும். ஊசிகளைச் சோல்டர் செய்யாமல் வேறு எதையும் ஆராய்வது வீண்வேலை. திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு: கடலுக்கு இவ்வளவு கிட்ட, வாடைக்காலத்து ஈரமும் உப்பும் சேர்ந்தால், செருகும் வயர்களின் தகரத் தொடுப்புகள் கெதியில் மங்கிவிடும். பரிசோதனைக்கு அந்த வயர்கள் சரி. நிரந்தரமாக வைப்பதென்றால் இரண்டு முனையையும் சோல்டர் செய்து, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

சரி, எந்த ஊசி எங்கே போகவேண்டும்? ஆர்சி522-இல் எட்டு ஊசிகள். ‘3.3 வோல்ட்’ என்பதைப் பையின் 1-ஆம் ஊசிக்கு, நிலத்தை 6-ஆம் ஊசிக்கு, எஸ்சிகே-யை 23-க்கு, மோசி-யை 19-க்கு, மிசோ-வை 21-க்கு, ஆர்எஸ்டி-யை 22-க்கு. ஐஆர்கியூ என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். மிஞ்சுவது எஸ்டிஏ. ஆட்களைக் குழப்புவது இதுதான். ஐ2சி என்ற இணைப்பு முறையில் எஸ்டிஏ என்றால் தரவுக் கம்பி, பையில் அது 3-ஆம் ஊசி. பெயரைப் பார்த்து அங்கே கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள். இந்தப் போர்ட் (சில்லு, அதாவது சிப், பொருத்திய பலகை) எஸ்பிஐ என்ற வேறொரு இணைப்பு முறையில் ஓடும்படி கட்டப்பட்டது. அதில் எஸ்டிஏ என்று அச்சடித்த ஊசி செய்வது சில்லைத் தெரிவு செய்யும் வேலை. அது 24-ஆம் ஊசிக்குத்தான் போகவேண்டும். ஒரே சில்லு எஸ்பிஐ, ஐ2சி, யூஆர்ட் எனும் தொடர் இணைப்பு என்ற மூன்று முறைகளுக்கும் பயன்படுவதால் இந்த ஊசிக்கு முறைக்கொரு வேலை. போர்ட் செய்தவர்கள் ஒரு பெயரை மட்டும் அச்சிட்டு விட்டுவிட்டார்கள்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். உள்ளே இருக்கும் எம்எஃப்ஆர்சி522 சில்லு 2.5 முதல் 3.6 வோல்ட் வரைக்குமே செய்யப்பட்டது. பையின் 2-ஆம், 4-ஆம் ஊசிகளில் இருப்பது 5 வோல்ட். 1-ஆம் ஊசிக்கு அடுத்த பக்கமே 2-ஆம் ஊசி. இருட்டில் மாட்டினால் சில்லு போய்விடும். மறுபக்கம், பையின் ஊசிகளும் 3.3 வோல்டுக்கு மேல் தாங்காது. ஆர்டுயினோ என்ற இன்னொரு சிறு போர்டுக்கு வரைந்த படத்தைப் பார்த்து 5 வோல்ட் சமிக்ஞையைப் பைக்குள் விட்டுவிடாதீர்கள்.

இனி, சில்லு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழி. இணையத்தில் கிடைக்கும் பெரிய நிரல்களை ஓட்டி, அட்டையைக் காட்டி, வரவில்லை என்று சலிக்க வேண்டாம். அந்த நிரலில் பத்து இடம் பிழைக்கலாம். அட்டையே இல்லாமல் சில்லிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கலாம். அதன் 55-ஆம் பதிவகத்தில் (சில்லுக்குள் எண் வைக்கும் சிறு இடம்) பதிப்பு எண் இருக்கிறது. எஸ்பிஐ-யில் வாசிக்கும்போது பதிவக எண்ணை இரண்டால் பெருக்கி 128-ஐக் கூட்டி அனுப்பவேண்டும் என்பது இந்தச் சில்லின் விதி. 55 இரண்டு தரம் 110, அதோடு 128, மொத்தம் 238. பைத்தன் நிரல்மொழியில் எஸ்பிஐ-க்கான ஸ்பைடெவ் நூலகத்தைத் திறந்து, வேகத்தை 10 இலட்சம் ஹேர்ட்ஸ், முறையை 0 என்று வைத்து, 238, 0 என்ற இரண்டு பைட்டுகளை அனுப்புங்கள். திரும்பி வரும் இரண்டாவது பைட்தான் விடை.

145 அல்லது 146 வந்தால் சில்லு, வயர், மின்சாரம், பையின் எஸ்பிஐ எல்லாம் சரி. 136 வந்தால் அது வேறு கம்பனி செய்த ஒத்த சில்லு. பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் சில நூலகங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்து முரண்டு பிடிக்கும். 0 அல்லது 255 வந்தால் சில்லின் குரல் பைக்கு எட்டவில்லை. அப்போது ரீடரைக் கழற்றிவிட்டு, பையின் 19-ஆம் 21-ஆம் ஊசிகளை ஒரு வயரால் நேரே இணைத்து ஏதாவது எண்களை அனுப்பிப் பாருங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் பையின் எஸ்பிஐ-யும் அந்த இரண்டு ஊசிகளும் சரி, பெரும்பாலும் மற்ற வயரிலோ சோல்டரிலோதான் கோளாறு. வராவிட்டால் கோளாறு பையின் பக்கம்: அந்த ஊசிகளின் சோல்டர் சரியில்லை, அல்லது எஸ்பிஐ-யே திறக்கப்படவில்லை. இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஆர்எஸ்டி ஊசி தாழ்ந்த நிலையில் இருந்தால் சில்லு உறங்கிவிடும். சோதனைக்காக அந்த ஊசியைப் பையின் 17-ஆம் ஊசியில் இருக்கும் 3.3 வோல்டோடு நேரே மாட்டிவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

எஸ்பிஐ-யைத் திறப்பது கஷ்டமில்லை. ராஸ்பி-கான்ஃபிக் கட்டளையில் இடைமுகங்கள் பகுதிக்குப் போய் இயக்கிவிட்டு, பையை மறுபடி தொடங்குங்கள். கையால் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 2023-இல் வந்த புக்வேர்ம் என்ற ராஸ்பெரி பை இயங்குதளப் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு பூட் கோப்புறைக்குள் ஃபேர்ம்வேர் என்ற உட்கோப்புறைக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் எழுதினால் ஒன்றும் நடக்காது. அதே பதிப்பிலிருந்து பிப் என்ற கட்டளையால் பைத்தன் நூலகங்களை நேரே நிறுவவும் விடாது. பைத்தனுக்குத் தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவவேண்டும். உங்கள் பயனர் எஸ்பிஐ குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சூடோ போட்டு, நிர்வாகி உரிமையோடு ஓட்டவேண்டி வரும், அது நல்ல பழக்கமில்லை. இணையத்தில் ஆர்சி522-க்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல பைத்தன் 2 காலத்தவை. அவற்றில் வரும் நிரலை அப்படியே ஒட்டாதீர்கள்.

இப்போது நீங்கள் சொன்ன ஒன்றுவிட்டு ஒன்று வாசிக்கும் பிரச்சினை. இது பழுதே இல்லை. அட்டை தன் விதிப்படி சரியாக நடந்துகொள்கிறது, நிரல்தான் அந்த விதியை மதிக்கவில்லை. கிட்ட வைத்து வாசிக்கும் அட்டைகளுக்கான ஐஎஸ்ஓ 14443 தரத்தின் ஏ வகை அட்டைக்குச் சில நிலைகள் உண்டு. ரீடரின் புலத்துக்குள் (அதன் அலை எட்டும் இடத்துக்குள்) வந்து மின்சாரம் பெற்றதும் அது சும்மா காத்திருக்கும். ரீடர் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற அழைப்பை அனுப்பினால், ‘இருக்கிறேன்’ என்று சொல்லி அடுத்த நிலைக்குப் போகும். அங்கிருந்து தன் எண்ணைச் சொல்லித் தெரிவு செய்யப்படும். அந்த நிலையில் இருக்கும்போது அதே முதல் அழைப்பு மறுபடி வந்தால், இது இந்த இடத்தில் வரக்கூடாத கட்டளையாயிற்றே என்று அட்டை பதில் சொல்லாமல் பழைய காத்திருப்பு நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் நிரல் அதை ‘அட்டை இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அட்டை காத்திருப்பு நிலையில் இருப்பதால் அழைப்புக்குப் பதில் வருகிறது. எண், வெறுமை, எண், வெறுமை என்று மாறி மாறி வருவது இதனால்தான்.

சரிசெய்ய இரண்டு வழி. எண்ணை வாசித்து முடித்ததும் நிறுத்தக் கட்டளையை அனுப்பி அட்டையை ஓய்வு நிலைக்கு அனுப்பிவிடுங்கள். ஓய்வு நிலையில் இருக்கும் அட்டை சாதாரண அழைப்புக்குப் பதில் சொல்லாது. புலத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் சொல்லும். வரவு பதிவதற்கு இதுவே தோதானது: அட்டையை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் ஒருமுறைதான் பதிவாகும். அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், சாதாரண அழைப்புக்குப் பதில் எழுப்பும் அழைப்பைப் பயன்படுத்தவேண்டும். அதற்கு ஓய்வில் இருப்பவையும் எழும்பும். இதையெல்லாம் தொட விருப்பமில்லை என்றால், தொடர்ந்து இரண்டு மூன்று வெறுமை வந்தால் மட்டுமே அட்டை எடுக்கப்பட்டது என்று கணக்கெடுங்கள். அசிங்கமான வழி, ஆனால் வேலை செய்யும். எப்படியும், ஒரே எண் சில நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் பதியாதபடி நிரலில் ஒரு வரி இருக்கட்டும். வாசலில் நிற்கும் பிள்ளைகள் அட்டையை ஒருதரம் காட்டிவிட்டுப் பேசாமல் உள்ளே போவார்கள் என்று நம்பாதீர்கள்.

தூரம் பற்றி. ஆர்சி522-இல் நல்ல அட்டை 3 முதல் 5 சென்ரிமீற்றரில் வாசித்தால் அதிகம். சாவிக்கொத்து டேக்கில் சுருள் சிறியது, அதனால் கிட்டத்தட்டத் தொட்டுத்தான் வாசிக்கும். கொஞ்சம் கூட்ட வேண்டுமானால் சில்லின் பெறும் பகுதியின் பெருக்கத்தை உயர்த்தலாம். தொடக்கத்தில் அது 33 டெசிபெல்லில் இருக்கும், 48 வரை போகும். 38-ஆம் பதிவகத்தில் 112 என்று எழுதினால் உச்சம். எழுதும்போது 128-ஐக் கூட்டுவதில்லை என்பதால், 76, 112 என்று அனுப்பவேண்டும். உச்சத்தில் வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். சில இடங்களில் ஒரு படி குறைத்தால்தான் நன்றாக வாசிக்கும். முயன்று பாருங்கள். ரீடரை இரும்பு அலுமாரியிலோ அலுமினியக் கதவுச் சட்டத்திலோ ஒட்டினால் மட்டும் எந்தப் பெருக்கமும் காப்பாற்றாது. 13.56 மெகாஹேர்ட்ஸ் புலம் பின்னால் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அங்கேயே செத்துப்போகும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மரமோ பிளாஸ்ரிக்கோ இடையில் வேண்டும், அல்லது ஃபெரைற் தாள் ஒட்டவேண்டும்.

மலிவான தொலைபேசி சாஜர்களும் தூரத்தைத் தின்னும். இரைச்சல் உள்ள மின்சாரத்தில் ரீடர் அட்டையின் மெல்லிய பதிலைப் பிரித்தறியச் சிரமப்படும். பைக்கென்று விற்கும் 5.1 வோல்ட், 2.5 அம்பியர் வழங்கியைப் போடுங்கள். ரீடரின் மின் ஊசிகளுக்கு அருகே 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் 100 நனோபரட் ஒன்றையும் வைப்பது நல்லது. எஸ்பிஐ வயரை ஒரு சாண் நீளத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ரீடர் வாசலிலும் பை உள்ளறையிலும் இருக்கவேண்டும் என்றால் எஸ்பிஐ அதற்கானதே அல்ல.

இனி வாசலில் எதை வைப்பது. என் தீர்ப்பு: விசைப்பலகைபோல் நடிக்கும் யூஎஸ்பி ரீடர். அட்டையைக் காட்டினால் பத்து இலக்க எண்ணைத் தட்டி, கடைசியில் என்டரும் அழுத்தும். பையில் ஓடும் லினக்ஸின் கேர்னல் (அதன் கருநிரல்) அதை விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்வதால் இயக்கி எதுவும் தேவையில்லை. மின்சாரமும் அதே வயரில் வந்துவிடும். வயர் பழுதானால் கழற்றி இன்னொன்றைச் செருக ரியூட்டரிக்காரருக்கே முடியும். நீங்கள் படிப்புக்கு வெளியூர் போன பிறகும் அது ஓடவேண்டும் அல்லவா? (பை சீரோவில் இருப்பது சின்ன யூஎஸ்பி துளை, அதில் பெரிய யூஎஸ்பி முனையைச் செருக ஓடிஜி வயர் ஒன்று வேண்டும்.) திரை இல்லாத பையில் ஒரு வேடிக்கை நடக்கும்: அட்டை எண்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுழைவுத் திரையில் பயனர் பெயராகத் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்கப் பைத்தனின் எவ்டெவ் நூலகத்தால் அந்தச் சாதனத்தைத் திறந்து, கிராப் செய்து, உங்கள் நிரலுக்கு மட்டும் உரியதாக்கிவிடுங்கள். பயனர் இன்புட் குழுவில் இருக்கவேண்டும். ஈவென்ட் 0, ஈவென்ட் 1 என்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறும், அதனால் பை-ஐடி என்ற கோப்புறையில் இருக்கும் நிலையான பெயரைப் பயன்படுத்துங்கள். ஒரே மாதிரி ரீடர் இரண்டு மாட்டினால் அந்தப் பெயரும் ஒன்றாகிவிடலாம். அப்போது செருகிய துளையை வைத்துப் பெயரிடும் பை-பாத் கோப்புறைதான் துணை.

வாங்கும்போது மீடிறனைக் கேட்டு வாங்குங்கள். 125 கிலோஹேர்ட்ஸ் ரீடரும் 13.56 மெகாஹேர்ட்ஸ் ரீடரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான், அட்டைகளும் அப்படியே வெள்ளையாக இருக்கும். ஒன்றின் அட்டையை மற்றது கண்டுகொள்ளாது. உங்களிடம் இருக்கும் அட்டை 13.56. 125-இன் அட்டைகளில் பெரும்பாலும் பின்பக்கத்தில் எண் அச்சாகியிருக்கும், எடுத்துக்காட்டாக 0012345678 என்றும் பக்கத்தில் 188,24910 என்றும். இரண்டும் ஒரே எண்தான்: 188-ஐ 65536-ஆல் பெருக்கி 24910-ஐக் கூட்டினால் முதல் எண் வரும். அட்டவணையில் எந்த வடிவத்தை எழுதுகிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.

13.56-இல் இன்னொரு பொறி இருக்கிறது. அட்டையின் எண் நான்கு பைட். 10, 20, 30, 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரீடர் இதை நேர்வரிசையில் சேர்த்து 0169090600 என்று சொல்லும். இன்னொன்று தலைகீழாகச் சேர்த்து 0673059850 என்று சொல்லும். ஆர்சி522-இல் பதிந்த பட்டியலை யூஎஸ்பி ரீடருக்கு மாற்றும்போது எந்தப் பிள்ளையும் பொருந்தவில்லை என்றால் வரிசையைத் திருப்பிப் பாருங்கள். இப்போது வரும் பல அட்டைகளிலும் என்டேக் என்ற சில்லு உள்ள வில்லைகளிலும் எண் ஏழு பைட். அரைகுறை நிரல்கள் முதல் நான்கை மட்டும் எடுக்கும். அதில் முதல் பைட் 136 என்று வந்தால் மீதி எண் அடுத்த படியில் இருக்கிறது என்று அட்டை சொல்கிறது என்று பொருள். (மேலே சில்லின் பதிப்பாக வந்த 136-க்கும் இதற்கும் தொடர்பில்லை.)

பிஎன்532 என்ற இன்னொரு ரீடர் போர்ட் வாங்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆர்சி522-ஐ விட நல்ல சாமான்தான்: ஏ, பி வகை அட்டைகளோடும் ஃபெலிகா என்ற வகையோடும் பேசும், லிப்என்எஃப்சி என்ற நூலகம் அதை நன்கு அறியும். சிறு சுவிட்சுகளால் இணைப்பு முறையை மாற்றலாம். பையோடு ஐ2சி-யில் மாட்டாதீர்கள். பழைய பைகளின் ஐ2சி வன்பொருளில், சாதனம் கடிகாரக் கம்பியைப் பிடித்து நிறுத்தும்போது தடுமாறும் ஒரு குறை இருக்கிறது, இந்தச் சில்லு அப்படிப் பிடிக்கும் ரகம். தொடர் இணைப்பில் 115200 வேகத்தில் போடுங்கள். அதற்கு 8-ஆம் 10-ஆம் ஊசிகள். அந்தத் தொடர் வாயிலில் லினக்ஸின் நுழைவுத் திரை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். ராஸ்பி-கான்ஃபிக்கில் அதை அணைத்துவிட்டு வாயிலை மட்டும் திறந்துவையுங்கள்.

அட்டை எண்ணை நம்பலாமா? வரவுக்கு நம்பலாம், பணத்துக்கு நம்பக்கூடாது. எண்ணை மாற்றி எழுதக்கூடிய அட்டைகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மைஃபேர் கிளாசிக் என்ற 13.56 வகை அட்டைக்குள் பூட்டிவைக்கும் தரவையும் நம்பமுடியாது. அதன் கிரிப்டோ1 பூட்டு 2008-இலேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டுவிட்டது. ரியூட்டரியில் அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு பிள்ளை நண்பன் அட்டையையும் சேர்த்துக் கொண்டுவந்து காட்டுவது. அதற்கு மின்னணு மருந்து கிடையாது. அட்டையைக் காட்டியதும் திரையில் படம் வந்து, மேசையில் ஒரு ஆள் இருந்தால் போதும். தொலைபேசியையே அட்டையாகக் காட்டலாமா என்று மூத்த பிள்ளைகள் கேட்பார்கள். அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் எண்ணைத்தான் கொடுக்கும், அதன் முதல் பைட் 8 ஆக இருக்கும். அதைப் பதிவதில் பயனில்லை.

வரவு என்றால் நேரம் முக்கியம். பை சீரோவில் பற்றரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்து, அந்த நேரம் இணையமும் இல்லாவிட்டால், கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து அது எண்ணத் தொடங்கும். காலை வகுப்புக்கு வந்த பிள்ளை முந்தின நாள் இரவு வந்ததாகப் பதிவாகிவிடும், பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் போய்விடும். டிஎஸ்3231 கடிகாரப் போர்ட் ஒன்றை 3-ஆம் 5-ஆம் ஊசிகளில் ஐ2சி-யாக மாட்டுங்கள். நம் ஊர் வெப்பத்திலும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் பிசகும். பதிவுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு வரவையும் உடனே எழுதி முடிக்கச் செய்யுங்கள். சாதாரணக் கோப்பில் வரிவரியாகச் சேர்த்துக்கொண்டு போனால், கரண்ட் போகும் நேரத்தில் கடைசிப் பதிவுகள் காணாமல் போகலாம். நிரலை லினக்ஸ் தானே தொடக்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி சேவையாக்கி, விழுந்தால் தானே எழும்பும்படி வைத்தால் நீங்கள் காலையில் ஓடிவரத் தேவையில்லை.

படலைக்கும் அறைக்கும் இருபது முப்பது மீற்றர் தூரம் என்றால் யூஎஸ்பி-யும் எட்டாது. அப்போது கதவுப் பூட்டுக்காரர்கள் பயன்படுத்தும் வீகண்ட் ரீடர். 12 வோல்டில் ஓடும், இரண்டு தரவுக் கம்பி: ஒன்றில் துடிப்பு வந்தால் 0, மற்றதில் வந்தால் 1. சாதாரண வடிவம் 26 பிட்: நடுவில் 8 பிட் இடக்குறியீடு, 16 பிட் அட்டை எண், இரு முனையிலும் சரிபார்க்கும் பிட் ஒவ்வொன்று. துடிப்பு ஒன்றின் அகலம் ஏறத்தாழ 50 மைக்ரோசெக்கன்தான். பைத்தன் சுற்றில் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். லிப்ஜிபிஐஓடி நூலகம் மூலம் விளிம்பு நிகழ்வுகளாக (ஊசியின் நிலை மாறும் கணங்களாக) வாங்கினால் கேர்னலே நேரம் குறித்து வரிசையில் வைத்துத் தரும். அந்தக் கம்பிகளில் 5 வோல்ட் இருக்கும், நேரே பைக்குள் விடாதீர்கள். 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகளால் பிரித்தால் 3.3 ஆகும். ரியூட்டரிக்கு இவ்வளவு தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

மாமாவின் பெட்டிகள் வேறு உலகம். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஆட்கள் இதைக் கேட்கும்போது, பெரிய கடைகளில் இருப்பதுபோல் தூரத்திலிருந்தே பத்துப் பெட்டியை ஒன்றாக வாசிக்கும் முறையைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். அது 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான யூஎச்எஃப். மீற்றர் கணக்கில் வாசிக்கும், ஆனால் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். மீனும் ஐஸும் உப்புத்தண்ணீரும் நிறைந்த பெட்டியில் ஒட்டிய சாதாரண யூஎச்எஃப் ஸ்டிக்கர், வெறும் பெட்டியில் வாசித்த தூரத்தில் சிறு பங்குதான் வாசிக்கும். ரீடரின் விலையும் வேறு. அந்த அலைவரிசையில் எந்தப் பகுதியை எவ்வளவு வலுவில் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டு ரீடரை இறக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவருக்கு நான் சொல்வது 125 கிலோஹேர்ட்ஸ். இந்த மூன்றில் தண்ணீரைக் குறைவாகப் பொருட்படுத்துவது அதுதான். காசு வடிவத்தில், நடுவில் துளையோடு, முழுவதும் பிளாஸ்ரிக்கால் மூடிய டேக்குகள் கிடைக்கும். பெட்டியின் வெளிப்பக்கம் பிளாஸ்ரிக் ஆணியால் பொருத்தலாம், கழுவினாலும் ஒன்றும் ஆகாது. வாசிக்க ஆர்டிஎம்6300 என்ற சின்னப் போர்ட் போதும். 5 வோல்டில் ஓடும், 9600 வேகத்தில் 14 பைட்டாக எண்ணை அனுப்பும்: தொடக்கக் குறி ஒன்று, எண்ணுக்குப் பத்து எழுத்து, சரிபார்க்க இரண்டு, முடிவுக் குறி ஒன்று. இங்கேயும் அதன் வெளியீட்டை அந்த இரண்டு தடையிகளால் பிரித்துத்தான் பையின் 10-ஆம் ஊசிக்கு விடவேண்டும். இதன் சுருள் தனி வயரில் வருவதால், சுருளைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் ஒட்டி, போர்டையும் பையையும் ஈரம் படாத இடத்தில் வைக்கலாம். அந்த வயரை வெட்டி நீட்டாதீர்கள், இசைவு குலைந்துவிடும். சில சென்ரிமீற்றர்தான் வாசிக்கும். பெட்டியைத் தராசில் வைக்கும் இடத்தில் சுருளைப் பொருத்தினால் நிறையும் பெட்டி எண்ணும் ஒன்றாகப் பதியும். தம்பலகாமத்தில் மாடு வைத்திருப்பவர்கள் கேட்டால் மட்டும் இதைக் காட்டாதீர்கள். விலங்குகளுக்கான டேக்குகள் 134.2 கிலோஹேர்ட்ஸ், அதற்கு ரீடர் வேறு.

தராசின் மேல்தட்டு உருக்கு என்றால் அதன் மேல் நேரே சுருளை வைக்கமுடியாது. பக்கவாட்டில் மரச்சட்டம் அடித்து அதில் ஏற்றவேண்டும். மாமாவிடம் தராசு என்ன வகை, பெட்டிகள் ரிஜிஃபோமா பிளாஸ்ரிக்கா, ஒரு நாளில் எத்தனை பெட்டி கைமாறும் என்று கேட்டு எழுதுங்கள். சுருளை எங்கே வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.